கிள்ளானில் பேசிய பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் நான் முதன்முதலில் நுழைந்த உணவகத்தில், வாழை இலையை விரித்த கையோடு பரிமாறுபவர் கேட்டார்: "அக்கா, தண்ணி என்ன?"

"சும்மா தண்ணியே போதுங்க" என்றேன்.

அவர் குழம்பிப்போய் நின்றார். எதிரில் உட்கார்ந்திருந்த யோகேஸ் சிரித்துவிட்டு எனக்காகப் பேசினான். "அண்ணே, அக்காவுக்கு தே தாரிக் ஒண்ணு, எனக்கு லைம் ஐஸ்." பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க டீ, கோப்பி, ஜூஸ் எல்லாமே தண்ணிதான் அக்கா. பச்சைத் தண்ணி வேணும்னா தனியா சொல்லணும்" என்றான்.

கோயம்புத்தூரில் ஒரு பெண்ணிடம் யாராவது வந்து தண்ணி என்ன என்று கேட்டிருந்தால் அங்கே ஒரு சண்டை நடந்திருக்கும். தே தாரிக் வந்தது. நம் டீயைவிட இனிப்பு, நம் டீயைவிட நுரை, கோப்பையோ இரு மடங்கு. முழுவதையும் குடித்தேன். மூன்று விதக் காய்கள், பாகற்காய் வறுவல், மீன் குழம்பு. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் மட்டும் இங்கேயும் நம் ஊர்க் குழப்பமே.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் இணையம் வழியாகத் தொலைக்காட்சி தரும் சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. வீடுகளில் அவர்கள் வைத்திருக்கும் செட்டாப் பெட்டிகள் பழசாகிவிட்டன. புதுப் பெட்டிகள் வாங்கப் போகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். கைபேசிக்குள் இருப்பது போலவே இந்தப் பெட்டிக்குள்ளும் ஓர் இயங்குதளம் உண்டு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம், திரையில் படம் மாறுகிறது. நடுவில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான்.

களத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று, லினக்ஸை எடுத்து வேண்டாததையெல்லாம் செதுக்கித் தள்ளிவிட்டுக் கோவையில் நாங்கள் ஆறு பேர் மூன்று வருடமாகச் செய்த சிறிய இயங்குதளம். மின்சாரம் போய் வந்தால் கண் சிமிட்டுவதற்குள் படம் காட்டும். இன்னொன்று, கைபேசிகளில் பெருவாரியாக இருக்கும் இயங்குதளத்தின் தொலைக்காட்சி வடிவம். உடம்பு பெரியது, நினைவகம் நிறையக் கேட்கும், ஆனால் பல வசதிகள் அதில் தயாராகவே இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, பிரிக்பீல்ட்ஸ், செராஸ், கிள்ளான் என்று சில வீடுகளில் சோதனைக்கு வைத்திருந்தார்கள்.

பழைய பெட்டிகளின் மெனுவை எழுதியதும் எங்கள் அலுவலகம்தான். அதனால் அந்த நிறுவனத்தின் முதலாளி திரு லிம் என்னிடமே கருத்துக் கேட்டிருந்தார். "உங்களுக்கு இரண்டுமே தெரியும். ஒரு வாரம் இங்கே இருந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை வந்து எது என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். நான் எதைச் சொல்வேன் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது என் முதலாளி, "போய் முடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

யோகேஸ் திரு லிம்மிடம் வேலை செய்யும் பொறியாளர். கிள்ளானில் பிறந்தவன். முப்பதைத் தாண்டியவன். முதல் பார்வையிலேயே அக்கா என்று கூப்பிட்டவன்.

மறுநாள் காலை விடுதி வாசலுக்கு வந்து, "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றான். காலைச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்த் தமிழர்கள் சொல்லும் சொல் அது. டிபன் என்று நாம் சொல்வதைவிட எவ்வளவு நல்ல சொல். ஆறுவது பசி மட்டும்தானா என்று தோன்றியது. மூலைக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். பரோட்டாவுக்குத் தங்கை மாதிரி இருந்தது. பருப்புக் குழம்பில் முக்கி எடுத்தபோது பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரரும் ஒரு சீனப் பெரியவரும் அதே மாதிரி முக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முழுவதும் அலுவலகத்தில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் எங்கள் பெட்டி ஓடியது, மற்றது நடந்தது. எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு.

"சோதனை வீடுகளிலிருந்து புகார் ஏதாவது?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. கிள்ளான்ல ஒரு ஆன்டி மட்டும் அடிக்கடி கூப்பிடுவாங்க. ஒரே பட்டனைத்தான் தட்டறேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துக்குப் போவுதுன்னு சொல்றாங்க. ரிமோட் ரோசாக் போல அக்கா."

ரோசாக் என்றால் கெட்டுப்போனது. அந்த வீட்டில் இருப்பது எங்கள் பெட்டி. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புகார்கூட மிச்சம் இருக்கக்கூடாது என்று எனக்கு. "நாளைக்கு நானே ஒரு புது ரிமோட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றேன். யோகேஸுக்கு மறுநாள் செராஸில் வேலை. தனியாகப் போக எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பெரிய நிலையத்தில் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஏறியதாக நினைத்தேன். பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருந்தது, உட்கார இடம் இருந்தது, குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. இத்தனை சௌகரியமாக இருக்கும்போது ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று யார் பார்ப்பார்கள்? பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிள்ளான் என்றேன். "அலாமாக்!" என்று வாயில் கை வைத்தார். அடுத்த நிலையத்தில் என்னோடு தானும் இறங்கி, படியேற்றிக் கூட்டிப்போய் எதிர் நடைமேடையில் விட்டார். "திரும்பிப் போய் வேறு ரயில் ஏறுங்கள். கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள்." அவருடைய ரயில் போய்விட்டதே என்று நான் வருந்தியபோது, "இன்னொன்று வரும்" என்று சிரித்தார். நம் ஊரில் வழி சொல்பவர்கள் உண்டு. கூடவே இறங்குபவரை நான் அதுவரை கண்டதில்லை.

கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் பூக்கடைகளின் வாசனை. சேலைக் கடைகள், முறுக்குக் கடைகள், உரக்க ஓடும் பாட்டு. எந்தக் கடைவீதியில் நிற்கிறேன் என்று ஒரு நிமிடம் குழம்பத்தான் செய்தது. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மாலையாகிவிட்டது. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பு அது. தாமான் என்கிறார்கள். இரும்புக் கதவுக்கு முன்னால் செம்பருத்தித் தொட்டிகள்.

"வாம்மா, வா. ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க, இந்தியாவுலேர்ந்து ஒரு பிள்ளை வருதுன்னு" என்று கதவைத் திறந்தார் தனம் ஆன்டி. அறுபது வயதிருக்கும். தலையை அழுத்தி வாரி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். கூடம் பளிச்சென்று இருந்தது. நான் வேண்டாம் என்பதற்குள் அடுக்களைக்குப் போய்க் கோப்பி கலந்து எடுத்துவந்தார். கேரி தீவில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து வந்த மரவள்ளிச் சிப்ஸைத் தட்டில் வைத்தார். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார் என்றும் ஜொகூர் போயிருக்கிறார் என்றும் சொன்னார்.

நான் புது ரிமோட்டை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். "இந்தாங்க ஆன்டி, இதை வச்சுப் பாருங்க."

அவர் கையை நீட்டினார். என் கைக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில். "குடும்மா" என்றார், நான் இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்து.

ரிமோட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். 

"இனிப்பு நீர்ம்மா" என்றார் அவராகவே. சர்க்கரை நோய்க்கு இந்த ஊர்ப் பெயர் அது. "மொதல்ல ஒரு கண்ணு, அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்குள்ள எனக்கு ஒரு சூசாவும் இல்ல, சிரமமும் இல்ல. எல்லாம் கைக்குத் தெரியும். இந்தப் பொட்டிதான் மனசுக்குப் பிடிபட மாட்டேங்குது."

பழைய பெட்டியை எப்படி வைத்துப் பார்த்தார் என்று கேட்டேன். வீடு போல் படம் போட்ட பொத்தானை அழுத்துவாராம். அது எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும். அங்கிருந்து கீழே மூன்று, வலது பக்கம் இரண்டு, நாடகம் வந்துவிடும். செய்திக்கு வேறு கணக்கு. பாட்டுக்கு வேறு கணக்கு. எல்லாம் மனப்பாடம்.

எங்கள் புதுப் பெட்டியில் வீட்டுப் பொத்தான் அப்படி ஒரே இடத்துக்குப் போகாது. கடைசியாக என்ன பார்த்தீர்களோ அதை நினைவில் வைத்துக்கொண்டு அங்கே கொண்டுபோய் நிறுத்தும். மக்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நாங்கள் யோசித்து யோசித்துச் செய்தது அது. கோவையில் அதைச் செய்து முடித்த அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இந்த அம்மாவின் காலடியில் இருந்த தரையைத்தான் அது உருவிவிட்டிருக்கிறது.

அப்போது அவர் கைபேசி அடித்தது. தடவிப் பார்த்து எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார். லோரிகளின் உறுமல் கேட்டது.

"தனம், வண்டியை நிப்பாட்டிட்டேன். நாடகம் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"சரி, வீட்டுப் பட்டனைத் தட்டு. தட்டிட்டியா? நேத்து கீழே நாலுன்னு வந்துச்சுல்ல? இன்னைக்கு அஞ்சு தட்டிப் பாப்போம்."

ஆன்டி அஞ்சு தட்டினார். திரையில் கால்பந்து வந்தது. "பந்து விளையாட்டுச் சத்தம் கேக்குதுங்க." "அப்போ தப்பு. ஒண்ணு மேலே போ." சமையல் நிகழ்ச்சி வந்தது. "யாரோ என்னமோ பொரிக்கிறாங்க." "பொறு, பொறு, கிட்ட வந்துட்டோம். வலது பக்கம் ஒண்ணு."

நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஒரு மனிதர் தினமும் இதைச் செய்கிறார். பழைய பெட்டியின் மெனுவை அவரும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம், ஆன்டிக்கு மறந்துபோனால் சொல்வதற்காக. புதுப் பெட்டி வைத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது, புதுசென்றால் அவளுக்கு இன்னும் எளிதாக இருக்கும் என்று நினைத்து முதல் ஆளாக ஒப்புக்கொண்டவரும் அவர்தான்.

நான் பொறுக்கமாட்டாமல் ரிமோட்டை வாங்கி நாடகத்தைப் போட்டேன்.

"வந்துருச்சுங்க! இங்க ஒரு பிள்ளை வந்திருக்கு, இந்தியாவுலேர்ந்து. இந்தப் பொட்டியைச் செஞ்சதே அவங்கதானாம்."

"அப்படியா?" குரலில் அத்தனை மரியாதை. "வணக்கம்மா. பொட்டி நல்லாருக்கும்மா. படம் ரொம்பத் தெளிவு. நான் வீட்ல இருக்கறப்ப பாத்தேன்."

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். திரும்பும் வழியில் எந்த ரயிலில் ஏறினேன் என்பதில் கவனமாக இருந்தேன். அதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை.

மறுநாள் காலை யோகேஸிடம் சொன்னேன். அவன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அலுவலகத்தில் விசாரித்தான். பெட்டியைப் பொருத்தியது வெளி ஆள். அப்போது அங்கிள் வீட்டில் இருந்திருக்கிறார். அலுவலகத்தில் யாருக்குமே தெரியாது. "வேற பெட்டியை எடுத்துக்கிட்டு இன்னைக்கு நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன். அந்தப் பெரிய இயங்குதளத்தில் கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி தயாராக உண்டு. தமிழிலும் படிக்கும். சோதனைப் பட்டியலில் அது எங்கோ கீழே இருந்தது. நாங்கள் யாரும் அதை முடுக்கிப் பார்த்ததே இல்லை.

கிள்ளான் போகும் நெடுஞ்சாலையில் மழை பிடித்தது. இந்த ஊர் மழை மேகம் கூடி, காற்றடித்து, முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை. வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரே ஊற்று. சாலையில் தண்ணீர் நின்று வண்டிகள் நகரவில்லை. கண்ணாடியில் நீர் வழிய, எதிரே சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன.

"அக்கா" என்றான் யோகேஸ், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "ஒரு தடவை அந்த ஆன்டி கூப்பிட்டப்ப நான்தான் பேசினேன். ஆன்டி, ஸ்கிரீனைப் பாத்து அழுத்துங்க, கையைப் பாக்காதீங்கன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை லா. சரி தம்பின்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் அக்கா அவங்க சொல்லலை?"

"யாரும் கேக்கலையே" என்றேன். அது அவனுக்கு மட்டும் சொன்ன பதில் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது இருவரும் பாதி நனைந்திருந்தோம். ஆன்டி துண்டு கொடுத்தார், நெத்திலிச் சம்பலோடு சோறு போட்டார், சாப்பிட்ட பிறகுதான் பெட்டி என்றார். தேங்காய்ப் பாலில் வெந்த அந்தச் சோறும் காரமும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. யோகேஸ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஆன்டி, அன்னைக்குப் போன்ல பேசினது நான்தான்" என்றான். "தெரியும் தம்பி. இன்னும் கொஞ்சம் சோறு வச்சிக்க" என்றார் அவர்.

பிறகு கொண்டுபோன பெட்டியை மாட்டினோம். குரலை முடுக்கினேன். ஆன்டி வீட்டுப் பொத்தானைத் தட்டினார்.

"முகப்பு" என்றது பெட்டி, ஒரு பெண் குரலில்.

ஆன்டி ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டார். "யாரு?"

"பெட்டிதான் ஆன்டி. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்லுது. கீழே தட்டுங்க."

"செய்திகள்" என்றது. "நாடகங்கள்." "பாடல்கள்." "அமைப்புகள்."

"என்னம்மா இவ, ஸ்கூல் டீச்சர் மாதிரி பேசறா!" என்று சிரித்தார் ஆன்டி. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை. பிறகு சிரிப்பு நின்றுபோய் முகம் கூர்ந்துவிட்டது. தமிழ் நாடகத்தின் பெயரைப் படித்தது. மலாய்ச் செய்தியின் பெயரை மலாயாகவே படித்தது. கொஞ்சம் மந்தம். அழுத்திவிட்டு ஒரு மூச்சு காத்திருக்க வேண்டியிருந்தது. "யோசிச்சு யோசிச்சுப் பேசறா" என்றார், ஆனால் நிறுத்தவில்லை. நாடகத்துக்குப் போக வேண்டியவர் போகவில்லை. ஒலி அளவு, மொழித் தேர்வு, திரையின் நிறம் என்று மூலை முடுக்கெல்லாம் நுழைந்து கேட்டார். தன் வீட்டிலேயே பூட்டிக் கிடந்த ஓர் அறை திறந்துவிட்ட மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"தனம், நிப்பாட்டிட்டேன். வீட்டுப் பட்டனைத் தட்டு."

"வேண்டாங்க. போட்டுட்டேன்."

"யார் போட்டுக் கொடுத்தா?"

"நானேதான்."

அந்தப் பக்கம் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தது. பிறகு, "நல்லது. ரொம்ப நல்லது" என்றார் அவர். குரல் என்னவோ போலிருந்தது. "அப்போ நாளையிலேர்ந்து நான் கூப்பிட வேண்டியதில்ல."

"ஏன், கூப்பிட்டா என்ன?" என்றார் ஆன்டி. "பட்டனைப் பத்திப் பேசியே இத்தனை வருசம் போச்சு. நாளைக்கு வேற ஏதாவது பேசுங்க."

யோகேஸ் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அன்று அங்கிருந்து கிளம்பியதுமே காரில் உட்கார்ந்தபடி கோவைக்குக் கூப்பிட்டேன். எடுத்தவன் சாதிக். எங்கள் இயங்குதளத்தின் உள்பகுதி முழுவதும் அவன் எழுதியது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "நம்ம பெட்டியைப் பேச வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முயற்சி பண்றேங்க்கா" என்றான். மறுநாள் மதியத்துக்குள் ஒரு மாதிரியை அனுப்பிவிட்டான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு பேச்சு நிரலை உள்ளே பொருத்தியிருந்தான். பெட்டி பேசியது. தொண்டை கட்டிய ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசியது. தமிழையாவது ஒருவாறு புரிந்துகொள்ளலாம். மலாய்ப் பெயர் வந்தால் எழுத்து எழுத்தாக உடைத்தது. சீனப் பெயர் வந்தால் மௌனமாகிவிட்டது.

"சரி பண்ணலாங்க்கா. ஆனா ஆறு மாசமாவது வேணும்" என்றான். திரு லிம்முக்குத் தீபாவளிக்குள் பெட்டிகள் வீடுகளுக்குப் போக வேண்டும்.

"சாதிக், நான் என்ன சொல்லப்போறேன்னு உனக்குத் தெரியும்தானே?"

 அவன் கேட்டான்: "அவங்களோடது நல்லாப் பேசுதாங்க்கா?"

"நல்லாப் பேசுது."

"அப்புறம் என்னங்க" என்றான். சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை திரு லிம் என்னையும் யோகேஸையும் கிள்ளானுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கடல் உணவு விடுதிக்கு அழைத்துப் போனார். சுழலும் மேசையில் நண்டும் இறாலும் வந்து வந்து போயின. அவர் ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்: "சரி, எது?"

"மற்றது" என்றேன்.

அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "உங்களுடையது வேகம். பார்த்தேன்."

"ஆமாம். ஆனால் அது ஊமை. இப்போதைக்கு அதை என்னால் பேச வைக்க முடியாது." தனம் ஆன்டியைப் பற்றிச் சொன்னேன். மற்றதை எடுப்பதானால் நினைவகம் பெரிதாக இருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், குரல் தாமதிக்காது என்றும் சொன்னேன்.

"நம் வாடிக்கையாளர்களில் கண் தெரியாதவர்கள் எத்தனை பேர்?" என்று யோகேஸிடம் கேட்டார்.

"தெரியாது பாஸ். இதுவரை நாம் யாரையும் கேட்டதில்லை."

திரு லிம் மேசையை மெல்லச் சுழற்றி மீன் தட்டை என் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். தாடைப் பக்கத்துச் சதையை எடுத்து என் தட்டில் வைத்தார். மீனில் அதுதான் மிக ருசியான பகுதி என்று யோகேஸ் பிறகு சொன்னான். "சொந்தச் சரக்கை வேண்டாம் என்று சொல்ல வருபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த இயங்குதளத்தின் மேல் எங்கள் மெனுவை யாராவது எழுத வேண்டும். எங்கள் மெனுவை அறிந்தவர்கள் நீங்கள்தான். உங்கள் முதலாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

என் முதலாளியிடம் பேசியது சுகமான உரையாடல் இல்லை. "உங்களை எதுக்கு அனுப்பினேன்?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருட உழைப்பு. அதை நம்பி அவர் போட்ட கணக்குகள். நான் மறுத்துப் பேசவில்லை. விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த தஞ்சாவூர்க்காரர், அம்பாங்கில் கட்டட வேலை முடித்து ஊர் திரும்புகிறவர், மகளுக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதும் மறுபடியும் கவனமாகச் சுற்றி வைத்தார். நானும் அவருக்கு என் வாரத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த லோரிக்கார அண்ணன் இப்பவும் போன் பண்றாராமா?" என்று மட்டும் கேட்டார்.

பண்ணுகிறார். யோகேஸ் பிறகு எழுதினான்.

எங்கள் ஆறு பேரில் இருவர் சில வாரங்களிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செதுக்கிய கைகளுக்குச் செதுக்க வேறு கல் வேண்டும். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் மெனு வேலைக்குச் சம்மதித்தார். சாதிக் தங்கினான். புதுப் பெட்டி வந்த அன்று காலை அவன்தான் முதலில் உட்கார்ந்தான். புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, நாங்கள் எழுத ஆரம்பித்திருந்த மெனுவை அதில் ஏற்றினான்.

மதியம் நான் அவன் மேசைப் பக்கம் போனபோது தொலைக்காட்சித் திரை கறுப்பாக இருந்தது.

"என்ன, படம் வரலையா?"

"நான்தாங்க்கா திரையை அணைச்சு வச்சிருக்கேன்" என்றான். மடியில் ரிமோட் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினான். "பொத்தான்" என்றது பெட்டி. வலது பக்கம் தட்டினான். "பொத்தான்." கீழே தட்டினான். "பொத்தான்."

"நாம எதுக்குமே பேர் வைக்கலைங்க்கா" என்றான். "படம் மட்டும் போட்டிருக்கோம். படத்தை இது எப்படிப் படிக்கும்?"

மற்றவர்களும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று மதியம் முழுவதும் இருண்ட திரையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். பின்னால் போவதற்கு 'பின்செல்' என்றான் ஒருவன். "கிள்ளான்ல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க" என்று சாதிக் என்னைப் பார்த்தான். "அந்த ஆன்டி எப்படிச் சொல்வாங்க?"

யோசித்தேன். "திரும்பிப் போன்னு சொல்வாங்க."

அதையே எழுதினான். ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். பெட்டி அந்த டீச்சர் குரலில், தெளிவாக, "திரும்பிப் போ" என்றது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் சாதிக் கண்ணைத் திறக்காமலே, "அடுத்தது என்னங்க்கா?" என்றான்.